சொட்டு மருந்தும் அதைத் தாங்கும் பையும்: எந்த மருந்துக்கு எந்தப் பொருள்? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மருந்தை 100 மி.லி. சலைனில் கலந்து தொங்கவிடுகிறோம். பம்பில் வேகத்தை அமைக்கிறோம். மருத்துவர் எழுதிய அளவு நோயாளியின் ரத்தத்துக்குள் போய்ச் சேரும் என்று நம்புகிறோம். பெரும்பாலான மருந்துகளுக்கு இந்த நம்பிக்கை சரிதான். ஆனால் சில மருந்துகள் போகிற வழியிலேயே பையின் சுவரிலும் குழாயின் சுவரிலும் தங்கிவிடுகின்றன. வேறு சில, சுவரில் இருக்கும் வேதிப்பொருளைக் கரைத்துத் தம்மோடு இழுத்துக்கொண்டு நோயாளிக்குள் போகின்றன. இரண்டு நேரத்திலும் பம்ப் சத்தம் போடாது. அது அளப்பது எவ்வளவு திரவம் போகிறது என்பதை மட்டும்தான். அந்தத் திரவத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வார்டில் மருந்து கலக்கும் செவிலியர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், இந்தத் துறையில் படிக்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்திருக்கும் தயாரிப்பாளரின் தாள்தான் கடைசி வார்த்தை. ஒரே மருந்தை இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு கரைப்பானில் செய்திருக்கலாம். அப்போது பாத்திரம் பற்றிய விதியும் மாறும். அந்தத் தாளில் என்ன தேட வேண்டும், அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வழிகாட்டி உதவும்.

படி 1: சுவருக்கும் மருந்துக்கும் இடையே என்ன நடக்கிறது?

நான்கு விஷயங்கள் நடக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

முதலாவது, மருந்து சுவரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது. இன்சுலின் போன்ற புரதங்கள் கண்ணாடியிலும் ஒட்டும், பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். மேற்பரப்பில் இடம் நிரம்பிவிட்டால் ஒட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டாவது, மருந்து பிளாஸ்டிக்கின் உள்ளேயே இறங்குவது. வாசனைத் திரவியம் பட்ட பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகாதே, அது மாதிரி. கொழுப்பில் கரையும் மருந்துகள், பைகளும் குழாய்களும் செய்யப் பயன்படும் மென்மையான பிவிசி (பாலிவினைல் குளோரைடு) பிளாஸ்டிக்குக்குள் இப்படி இறங்கிப் பரவிக்கொண்டே போகும். இங்கே இடம் நிரம்பி நிற்பது என்பது சீக்கிரம் நடக்காது. நேரம் ஆக ஆக இழப்பு தொடரும். முதல் வகையையும் இதையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான், குழாயை ஒரு முறை மருந்தால் அலசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் மருந்துக்கு அது உதவும். உள்ளே இறங்கும் மருந்துக்கு அது போதாது.

மூன்றாவது எதிர்த்திசையில் நடப்பது: பிளாஸ்டிக்கில் இருக்கும் பொருள் கரைந்து மருந்துக்குள் வருவது. இதில் பெரிய பெயர் டிஇஎச்பி என்ற மென்மையாக்கி. பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையும் பையாக மாற்ற, எடையில் சுமார் 30 முதல் 40 சதவீதம் வரை இந்த மென்மையாக்கியைச் சேர்ப்பார்கள். அது பிவிசியோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை, இடையிடையே தங்கி இருக்கிறது, அவ்வளவுதான். சாதாரண சலைன் அதைப் பெரிதாகக் கரைக்காது. கொழுப்புக் குழம்போ, சோப்புத் தன்மை கொண்ட கரைப்பானோ வந்தால் தாராளமாக வெளியே வரும்.

நான்காவது, சுவரைக் கடந்து போவது. நீராவி வெளியே போகும், ஆக்சிஜன் உள்ளே வரும், கார்பன் டைஆக்சைடு தப்பிக்கும். பைகார்பனேட் கரைசலில் இருந்து கார்பன் டைஆக்சைடு தப்பினால் காரத்தன்மை ஏறும். அதனால்தான் அதைக் கண்ணாடியிலோ, வாயு கடக்காத மேலுறையிலோ அடைத்து வைக்கிறார்கள்.

படி 2: கையில் இருப்பது என்ன பொருள் என்று பாருங்கள்

பையைத் திருப்பினால் பொருளின் பெயரோ, முக்கோணத்துக்குள் ஓர் எண்ணோ பெரும்பாலும் இருக்கும். 3 என்றால் பிவிசி. 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். 7 என்றால் மற்றவை, பல அடுக்குப் பைகள் இதில் வரலாம்.

கண்ணாடி மருந்தை உள்ளே இழுக்காது, மென்மையாக்கி எதையும் விடாது. அதனால் பழைய குறிப்புகளில் எங்கு பார்த்தாலும் கண்ணாடியைத்தான் பாதுகாப்பானது என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. சில கரைசல்கள் கண்ணாடியில் இருந்து அலுமினியத்தை இழுக்கும். கண்ணாடிக் குப்பியில் வரும் கால்சியம் குளுக்கோனேட் இதற்குப் பேர்போனது. குறைமாதக் குழந்தைகளுக்குச் சிரைவழி ஊட்டம் கொடுக்கும்போது இது மிக முக்கியம். அவர்களின் சிறுநீரகம் அலுமினியத்தை வெளியேற்றும் அளவுக்கு வளர்ந்திருக்காது. தேங்கும் அலுமினியம் மூளையையும் எலும்பையும் பாதிக்கும். பிளாஸ்டிக் குப்பியில் வரும் கால்சியம் குளுக்கோனேட்டில் அலுமினியம் மிகக் குறைவு. இங்கே பிளாஸ்டிக்தான் நல்ல தேர்வு. இது தவிர, கண்ணாடி சுருங்காது என்பதால் உள்ளே காற்று நுழைந்தால்தான் திரவம் இறங்கும். காற்று நுழையும் வழியில் கிருமியும் நுழையலாம்.

பிவிசி பைகள் 1970களில் பரவலானதற்குப் பெரிய காரணம் இதுதான். பை தானே சுருங்குவதால் வெளிக்காற்று தேவையில்லை. உடையாது, எடை குறைவு. மேலே சொன்ன மருந்து இழப்பும் டிஇஎச்பி கரைவதும்தான் அதன் குறை.

பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன், இவை கலந்த பல அடுக்குப் பைகள் மூன்றையும் பொதுவாகப் பாலிஓலிஃபின் குடும்பம் என்று சொல்வார்கள். மென்மையாக்கி தேவையில்லாதவை. பிரச்சினை தரும் பல மருந்துகளுக்கு இன்று முதலில் கை நீட்ட வேண்டியது இவற்றைத்தான். பாட்டில் வடிவில் வரும் பாலிஎத்திலீன் முழுவதும் சுருங்காது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஈவிஏ (எத்திலீன் வினைல் அசிடேட்) பைகளிலும் மென்மையாக்கி கிடையாது. சிரைவழி ஊட்டக் கலவைகளுக்கு இவை நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆக்சிஜன் எளிதில் கடக்கும் என்பதால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும். ஊட்டக் கலவையைக் கொஞ்ச நாள் வைக்க வேண்டுமென்றால் ஆக்சிஜனைத் தடுக்கும் பல அடுக்குப் பை வேண்டும்.

படி 3: ‘டிஇஎச்பி இல்லாதது’, ‘பிவிசி இல்லாதது’ இரண்டும் ஒன்றல்ல

இதை ஒரு தனிப் படியாகவே வைக்கிறேன். ஏனென்றால் வாங்கும் இடத்திலும் வார்டிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

டிஇஎச்பி இல்லாத பிவிசி என்று ஒன்று உண்டு. அதில் டிஓடிஎம், டிஐஎன்சிஎச் போன்ற வேறு மென்மையாக்கி இருக்கும். இது மூன்றாவது விஷயத்துக்கு, அதாவது டிஇஎச்பி நோயாளிக்குள் போவதற்குத் தீர்வு. மருந்து சுவருக்குள் இறங்குவதற்கு இது தீர்வு அல்ல. அந்தப் பிவிசி இன்னமும் மென்மையான பிவிசிதான், ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் போன்ற மருந்தை அது இன்னமும் இழுக்கும். உங்களுக்குத் தேவை மருந்து இழப்பைத் தடுப்பது என்றால், லேபிளில் தேட வேண்டியது ‘பிவிசி இல்லாதது’ என்ற சொல்லை. அல்லது மருந்து தொடும் உட்பக்கம் பாலிஎத்திலீன் பூசிய குழாயை.

டிஇஎச்பி பற்றிய கவலை வெறும் பயம் அல்ல. ஐரோப்பா இதை இனப்பெருக்கத்துக்கு நச்சு என்று வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002இலேயே, ஆண் சிசுக்களுக்கும், ஆண் கருவைச் சுமக்கும் தாய்மார்களுக்கும், பருவமடையும் ஆண் பிள்ளைகளுக்கும் அதிக அளவில் இது போகும் சிகிச்சைகளில் மாற்று இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொன்னது. கலிஃபோர்னியா 2024இல் இயற்றிய சட்டப்படி 2030 முதல் டிஇஎச்பி சேர்த்த சொட்டு மருந்துப் பைகளை அங்கே விற்க முடியாது. என் கருத்தில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. மாற்றுப் பொருள்கள் இன்றே கிடைக்கின்றன.

படி 4: மருந்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்

கொழுப்பில் கரைவதா? ஆம் என்றால் பிவிசிக்குள் இறங்க வாய்ப்பு உண்டு. டயசெபாம், நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு டைநைட்ரேட், அமியோடரோன், டாக்ரோலிமஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கரைசலின் அமிலத்தன்மையும் இதை மாற்றும். மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கும் மருந்துதான் பிளாஸ்டிக்குக்குள் எளிதாக இறங்கும்.

எந்தக் கரைப்பானில் வருகிறது? பாலிசார்பேட் 80, பாலிஆக்சில் ஆமணக்கு எண்ணெய், கொழுப்புக் குழம்பு என்று பெட்டியில் எழுதியிருந்தால் டிஇஎச்பி கரையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து நல்ல உதாரணம். பழைய வடிவம் பாலிஆக்சில் ஆமணக்கு எண்ணெயில் கரைத்து வரும். அதைக் கண்ணாடி, பாலிப்ரோப்பிலீன், பாலிஓலிஃபின் ஆகியவற்றில் ஒன்றில்தான் கலக்க வேண்டும். பாலிஎத்திலீன் உட்பூச்சுள்ள குழாய் வழியாக, 0.22 மைக்ரானுக்கு மிகாத வடிகட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். அதே பாக்ளிடாக்சல் ஆல்புமினோடு பிணைந்த வடிவில் வந்தால் அந்தக் கரைப்பான் கிடையாது. டிஇஎச்பி இல்லாத சிறப்புப் பையும் வேண்டியதில்லை, அந்த மாதிரி வடிகட்டியும் வைக்கக் கூடாது. மருந்தின் பெயரை மட்டும் பார்த்துப் பையை எடுப்பவர் இங்கே கண்டிப்பாகத் தடுமாறுவார்.

புரதமா, மிகக் குறைந்த அளவில் கொடுப்பதா? அப்படியென்றால் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை. பெரிய அளவில் போகும் மருந்தில் கொஞ்சம் ஒட்டினால் தெரியாது. மைக்ரோகிராம் கணக்கில் போகும் மருந்தில் அதே அளவு ஒட்டினால் பெரும் பங்கு போய்விடும். கரைசல் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு விகிதத்தில் இழப்பும் கூடும்.

படி 5: மூன்று மருந்துகளில் இதைப் பார்ப்போம்

நைட்ரோகிளிசரினை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். சாதாரண பிவிசி குழாயில் ஓடும்போது, கரைசலில் உள்ள நைட்ரோகிளிசரினில் 40 முதல் 80 சதவீதம் வரை குழாய்க்குள் போய்விடலாம் என்று இந்த மருந்தின் தயாரிப்பாளர் குறிப்புகள் சொல்லி வந்திருக்கின்றன. குழாய் நீளமாக இருந்தாலும், வேகம் குறைவாக இருந்தாலும், கரைசல் செறிவாக இருந்தாலும் இழப்பு கூடும். ஆரம்பத்தில்தான் அதிகம் போகும். ஆனால் ஒரு கட்டத்தில் நிற்கும் என்றும் சொல்ல முடியாது, ஒரே சீராகப் போகும் என்றும் சொல்ல முடியாது. அதனால் ஒரு எண்ணால் பெருக்கி ஈடுகட்டிவிடலாம் என்ற யோசனைக்கே இங்கே இடமில்லை.

இதன் விளைவு அளவிலேயே தெரியும். மருந்தை இழுக்காத குழாயில் தொடங்கும் அளவு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். பிவிசி குழாயில் நடத்திய பழைய ஆய்வுகளில் தொடங்கிய அளவு 25 மைக்ரோகிராமும் அதற்கு மேலும். அந்தப் பழைய அளவை இழுக்காத குழாயில் அப்படியே வைத்தால் ரத்த அழுத்தம் விழும்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் கொஞ்சம் வித்தியாசமானது. 2 மணி நேரத்துக்கு மேல் ஓடும் சொட்டு என்றால் கண்ணாடி அல்லது பாலிஓலிஃபின் பாத்திரத்தில் கலக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் முடியும் என்றால் பிவிசி பையில் இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்கும். குழாய் மட்டும் பிவிசியாக இருக்கலாமா? இருக்கலாம். மருந்தும் அதில் ஒட்டத்தான் செய்யும். ஆனால் மருந்தின் அளவுகளைத் தீர்மானித்த ஆய்வுகளே பிவிசி குழாயில் நடந்தவை, எனவே பரிந்துரைக்கும் அளவில் அந்த இழப்பு ஏற்கனவே கணக்கில் இருக்கிறது. எப்போதும் இழப்பே இல்லாத குழாய்தான் நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. ஆய்வு எந்தக் குழாயில் நடந்ததோ, அதற்குத்தான் அந்த அளவு.

இன்சுலினுக்கு வழி எளிது. புதுக் குழாயின் சுவரில் முதலில் ஒட்டும், பிறகு இடம் நிரம்பும். அந்த நிரப்பும் வேலையை நோயாளிக்கு இணைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். 1 மி.லி.க்கு 1 யூனிட் என்று கலந்த கரைசலில் 20 மி.லி.யைக் குழாய் வழியாக ஓட்டி வெளியே விட்டுவிட்டு இணைப்பது பல மருத்துவமனைகளின் நெறிமுறை. இதைச் செய்யாவிட்டால் முதல் சில மணி நேரம் சர்க்கரை இறங்காமல் இருக்கும், வேகத்தைக் கூட்டுவார்கள், அப்புறம் சுவர் நிரம்பியதும் முழு அளவும் ஒன்றாகப் போய்ச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். குழாய் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 6: பையோடு நின்றுவிடாதீர்கள்

நல்ல பையை எடுத்துவிட்டு, அதோடு சாதாரண பிவிசி குழாயை மாட்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பை, குழாய், நீட்டிப்புக் குழாய், வடிகட்டி, மூன்று வழி இணைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் மருந்து போகும் பாதை. பாலியூரித்தேன் குழாய் பிவிசி இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், அதுவும் கொழுப்பில் கரையும் மருந்துகளை நன்றாகவே இழுக்கும். கபசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் தாளில் பிவிசி பையையும் பாலியூரித்தேன் குழாயையும் இரண்டையுமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

சில வடிகட்டிகள் நைட்ரோகிளிசரினைப் பிடித்துக்கொள்ளும், குறைந்த அளவில் போகும் வேறு சில மருந்துகளையும் பிடிக்கும். தாளில் கேட்டிருந்தால் மட்டும் வடிகட்டி வையுங்கள். பிளாஸ்டிக் சிரிஞ்சின் உடல் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அது நல்ல பொருள். உள்ளே பிஸ்டன் வழுக்கப் பூசும் சிலிக்கான் எண்ணெய் சில புரத மருந்துகளைத் திரளச் செய்யலாம்.

பொருளோடு நேரடியாகச் சம்பந்தம் இல்லாத ஓர் இழப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 50 மி.லி.யில் மருந்தைக் கலந்து கொடுத்து, முடிந்ததும் 20 மி.லி. தங்கியிருக்கும் குழாயைக் கழற்றிப் போட்டால் 40 சதவீத மருந்து குப்பைக்குப் போகிறது. சலைனால் தள்ளிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

படி 7: கலக்கும்போதும் வைக்கும்போதும்

பையில் அச்சிட்ட அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திரவம் இருக்கும். ஆவியாவதை ஈடுகட்டத்தான் தயாரிப்பாளர் அப்படி நிரப்புகிறார். செறிவு துல்லியமாக வேண்டிய மருந்துக்கு இந்தக் கூடுதலைக் கணக்கில் எடுங்கள், அல்லது காலிப் பையில் அளந்து ஊற்றுங்கள். மேலுறையைத் தேவைப்படும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். சின்னப் பையில் பரப்பு அதிகம், திரவம் குறைவு. எனவே ஆவியாதலின் பாதிப்பும் அதில்தான் கூடுதல்.

பையின் மேல் மார்க்கர் பேனாவால் நேரடியாக எழுத வேண்டாம். மை பிளாஸ்டிக்குக்குள் இறங்கலாம். லேபிளில் எழுதி ஒட்டுங்கள். வெப்பம் கூடினால் மருந்து இழப்பும் மென்மையாக்கி கரைவதும் இரண்டுமே கூடும். எனவே கலந்ததைச் சூடான இடத்தில் வைக்காதீர்கள், தாளில் சொன்ன நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம்.

படி 8: தொங்கவிடும்போது

கண்ணாடி பாட்டிலுக்குக் காற்று வழியுள்ள குழாய் வேண்டும். சுருங்கும் பைக்கு அது வேண்டியதில்லை. இடைப்பட்டது பாலிஎத்திலீன் பாட்டில்: கொஞ்சம் சுருங்கிவிட்டு நின்றுவிடும், சொட்டு மெதுவாகும். அப்போது பாட்டிலில் ஊசியைக் குத்திக் காற்று விடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வடிகட்டாத காற்றும் கிருமியும் நேராக மருந்துக்குள் போகும். வடிகட்டியோடு கூடிய காற்று வழி உள்ள குழாயைப் பயன்படுத்துங்கள். காற்று நுழைந்த பாத்திரத்தை அழுத்தப் பட்டை கட்டி வேகமாக ஏற்றவும் கூடாது. திரவம் தீர்ந்ததும் பின்னால் காற்று சிரைக்குள் போகும். பையோடு பையைத் தொடராக இணைப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

படி 9: பொருள் மாறினால் அளவையும் மறுபடி பாருங்கள்

அவசரப் பிரிவில் பிவிசி குழாயில் நைட்ரோகிளிசரின் நிமிடத்துக்கு 40 மைக்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது, நோயாளி நிலையாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். அங்கே இழுக்காத குழாய்தான் வைத்திருக்கிறார்கள். அதே 40ஐ அமைக்கிறார்கள். பம்பில் எண் மாறவில்லை, ஆனால் நோயாளிக்குப் போகும் மருந்து ஒரு மடங்குக்கு மேலேயே கூடியிருக்கலாம். ரத்த அழுத்தம் ஏன் விழுந்தது என்று எல்லோரும் இதயத்தில் காரணம் தேடுவார்கள்.

மருத்துவமனை வேறு தயாரிப்பாளரின் குழாய்க்கு மாறும் நாளிலும் இதுவே நடக்கலாம். எனவே கொள்முதல் பிரிவு எந்தப் பை, எந்தக் குழாய் மாறுகிறது என்பதை முன்கூட்டியே மருந்தாளுநருக்குத் தெரிவிக்க வேண்டும். மருந்தாளுநர் அந்தப் பாதையில் ஓடும் மருந்துகளின் பட்டியலை எடுத்துத் தாள்களோடு ஒப்பிட வேண்டும்.

வார்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மேலே சொன்ன மருந்துகள் ஓடும்போது கேஸ் ஷீட்டில் அளவு, செறிவு, வேகம் ஆகியவற்றோடு பையின் பொருளையும் குழாயின் பொருளையும் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அதையும் சொல்லி ஒப்படையுங்கள். குழாய் வேறு பொருளுக்கு மாறினால், மருத்துவரிடம் கேட்டு, நைட்ரோகிளிசரின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் இருந்து மறுபடி தொடங்கி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள்.